கொக்கு வீட்டு இரும்பு மட்டைகள்

அறுபத்தெட்டாவது வயதில், தான் இன்னும் உயரமாக வளர்ந்துகொண்டிருக்கிறோமோ என்ற சந்தேகம் வந்து, சாண்டி ஃப்ளெட் டாக்டரைப் பார்க்கப் போனார்.

"எங்க வலிக்குது?" என்று கேட்டார் டாக்டரம்மா நிகோல்சன்.

"இடுப்புல. ஆனா நான் வந்தது அதுக்கில்ல. என்னைக் கொஞ்சம் அளந்து பாருங்க."

டாக்டரம்மா அவரைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். "அரை அங்குலம் குறைஞ்சிருக்கீங்க, மிஸ்டர் ஃப்ளெட். வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்."

"கை?"

"கைக்கு என்ன?"

"கை குட்டையாகுமா?"

"ஆகாது."

சாண்டி குனிந்து தரையைப் பார்த்தார். "அப்ப தரைதான் கீழ போயிருக்கணும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "வீட்ல உங்ககூட யார் இருக்காங்க?"

"ரேடியோ இருக்கு," என்றார் சாண்டி.

விஷயம் இதுதான். சாண்டியின் புது கோல்ஃப் மட்டைகள், அதுவும் இரும்புத் தலை வைத்த முழு செட், அவருடைய உயரத்துக்குக் குட்டையாக இருந்தன. வேறு யாராக இருந்தாலும் மட்டையைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். சாண்டியால் முடியவில்லை. காரணம், அவருடைய வாய்.

எங்கள் கடலோர ஊரான போர்ட்ஹாரியில் பாதிப் பேர் ஃப்ளெட், மீதிப் பேர் ஸ்லேட்டர். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. சாண்டியின் கொள்ளுத்தாத்தா கப்பலை விட்டு இறங்காமலே காலை நீட்டித் துறைமுகத்தில் ஊன்றுவாராம். அன்றிலிருந்து அவர்கள் கொக்கு வீடு. அலெக்சாண்டர் என்ற முழுப்பெயரின் சுருக்கம்தான் சாண்டி. ஆனால் ஊரில் யாரும் அவரைச் சாண்டி என்று கூப்பிடுவதில்லை. கொக்கு என்றால்தான் திரும்புவார்.

மீன்பிடிப் படகுகளின் என்ஜினைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் என்று ஒன்று அவருக்கு நேரவே இல்லை. நேர்ந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு இருந்ததெல்லாம் டோடி என்ற ஒரு சிநேகிதர். இருவரும் முப்பது வருஷம் ஜோடியாக ஆடினார்கள். சாண்டி எவ்வளவு மோசமாக அடித்தாலும் டோடி, "நல்ல அடிடா கொக்கு, பந்துதான் சரியில்ல" என்பார். போன குளிர்காலத்தில் டோடியை அவருடைய மகன் ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும்.

"யாரோட ஆடுற?"

"நிறையப் பேரோட."

"நல்லது, நல்லது," என்பார் டோடி. பிறகு அங்கே வெயில் எப்படி என்று பேசிவிட்டு வைத்துவிடுவார்.

நிறையப் பேரோடு ஆடுவது எங்கள் ஊரில் ஒன்றும் கஷ்டமில்லை. சனிக்கிழமை காலையில், கட்டணம் வாங்கும் மரக் குடிசையின் முன்னால் ஆளுக்கொரு பந்தைத் தரையில் போடுவார்கள். ஒருவர் அவற்றை அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு மேலே எறிவார். எந்த இரண்டு பந்துகள் பக்கத்தில் விழுகின்றனவோ, அந்த இருவரும் அன்றைக்கு ஜோடி. பந்தைப் போட்டால் போதும். ஆனால் டோடியோடு ஆடிய முப்பது வருஷத்தில் சாண்டி ஒருமுறைகூடப் பந்து போட்டதில்லை. இப்போது போட்டால், 'ஐயோ, கொக்கு நம்ம தலையில விழுந்துட்டாரே' என்று யாருடைய முகமாவது சுருங்குமோ என்று பயம். கொஞ்சம் நன்றாக ஆடக் கற்றுக்கொண்டு போடலாம் என்று தள்ளிப்போட்டார்.

அதுவரை தனியாக ஆடினார். தனியாளுக்கு எங்கள் மைதானத்தில் எந்த உரிமையும் கிடையாது. அப்படித்தான் முதல் குழியருகே பலகையில் எழுதியிருக்கிறது. பின்னால் யார் வந்தாலும் ஒதுங்கி வழிவிட வேண்டும். சாண்டி ஒதுங்கி, தொப்பியைத் தொட்டு, "போங்க, போங்க" என்பார். சில நாள் ஆடியதைவிட ஒதுங்கியது அதிகம்.

அப்போதுதான் ஏப்ரலில், மட்டை செய்யும் கம்பெனிக்காரர்கள் ஒரு வேனோடு துறைமுகத்துக்கு வந்தார்கள். வேனுக்குள் வலை, வலைக்கு எதிரே ஒரு இயந்திரம். நாம் அடித்தால் அது நம்முடைய உயரம், கை நீளம், வேகம், சாய்வு எல்லாம் பார்த்து, நமக்கென்றே மட்டை செய்யச் சொல்லும்.

சாண்டி வாழ்க்கையில் எதையும் தேர்ந்தெடுத்தவரில்லை. வீடு அப்பா விட்டுப் போனது. வேலை மாமா பிடித்துக் கொடுத்தது. கால்சட்டைகூடக் கடைக்காரர் எடுத்துத் தந்ததுதான். அந்த வேனுக்குள் அவர் தேர்ந்தெடுத்தார் பாருங்கள், அப்படித் தேர்ந்தெடுத்தார். தலை கனமானதா, மெலிந்ததா. தண்டு விறைப்பா, தளர்வா. ஒவ்வொன்றையும் அடித்து, திருப்பி அடித்து, முகர்ந்துகூடப் பார்த்தார். வாசலில் அடுத்தாளாகக் காத்திருந்த பெண்மணி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஆக்னெஸ். அவரும் ஃப்ளெட்தான், சட்டைப் பித்தான்போலக் குட்டையானவர்களின் பித்தான் வீடு. கணவர் போன பிறகு இன்வெர்னஸை விட்டு, பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவர். சாண்டியின் மார்புவரைதான் இருப்பார்.

கைப்பிடிக்கு என்ன நிறம் என்று வேன்காரன் கேட்டபோது சாண்டி திணறிப்போய்த் திரும்பினார். "சாம்பல் நிறத்துல சிவப்புக் கோடு, நல்லாருக்குமா?"

"அழுக்குத் தெரியாது," என்றார் ஆக்னெஸ். வாயிலிருந்த பெப்பர்மிண்ட்டைக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, சாண்டிக்கும் ஒன்று நீட்டினார். "நீங்க யாரோட ஆடுறீங்க?"

"நிறையப் பேரோட," என்றார் சாண்டி. ஞாயிற்றுக்கிழமைப் போனில் சொல்லிப் பழகிய வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. "நாலு பேரு நிரந்தரமா. போதாததுக்கு இன்னும் வர்றேன்னு நிக்கிறாங்க."

"குடுத்து வச்சவர்," என்றார் ஆக்னெஸ்.

அன்று மாலை மதுக்கடையில் சாண்டி மறுபடி வாயைத் திறந்தார். "அந்த இயந்திரம் மயிரிழை பிசகாது. என்னை முழுசா கணக்குப் பண்ணிடுச்சு. எனக்கே என்னைப் பத்தித் தெரியாததெல்லாம் அதுக்குத் தெரியும்."

மே மாதம் குடிசையில் ஐனா, புது மட்டைகள் வந்த பெட்டியை நீட்டினாள். கட்டணம் வாங்குவது, தேநீர் ஊற்றுவது, பேச்சைக் கேட்டும் கேட்காததுபோல் இருப்பது, மூன்றும் ஐனாவின் வேலை. "இந்தாங்க கொக்கு. ஏ. ஃப்ளெட்."

வீட்டில் பிரித்தால் கைப்பிடியெல்லாம் ஊதா. மலைச்சரிவில் பூக்குமே, அந்த ஊதா. சாண்டி பெட்டியை மூடி, மறுபடி திறந்து பார்த்தார். அப்போதும் ஊதாதான். வேறு ஊராக இருந்தால் புகார் சொல்லியிருப்பார்கள். எங்கள் ஊரில் சூப்பில் ஈ கிடந்தாலும், 'அருமையா இருந்துச்சு' என்று சொல்லிவிட்டு வருவோம். சாண்டியும் ஊதாவைப் பொறுத்துக்கொண்டார். தரையில் ஊன்றினால் மட்டை முழங்காலுக்குச் சற்று மேலோடு நின்றுவிட்டதையும் பொறுத்துக்கொண்டார். இயந்திரம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தப்பு தன்னிடம்தான்.

குனிந்தார். குனிந்து அடித்ததில் பந்து தவளைபோல் தத்தியது. இன்னும் குனிந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கு எலும்பு வைத்தியர் ஒருவர் பட்டையைக் கட்டிவிட்டார். பட்டை கட்டினால் குனிய முடியவில்லை. குனியாமல் வீசினால் மட்டை பந்துக்கு மேலே காற்றை வெட்டிக்கொண்டு போனது.

"என்ன கொக்கு, பந்துக்கு விசிறி விடுறீங்களா?" என்றார் பின்னால் வந்த லாக்கி ஸ்லேட்டர். சனிக்கிழமைக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி.

"புது மாதிரி வீச்சு. இயந்திரம் சொன்னது."

"சரி, சரி. வழி விடுறீங்களா?"

இப்படியே போய்த்தான் டாக்டரம்மாவிடம் அளக்கும் நிலைக்கு வந்தது. தான் வளரவில்லை, கையும் சுருங்கவில்லை என்று உறுதியான பின், சாண்டி தரையை நோக்கித் தன்னை இறக்க முடிவு செய்தார். முள் வைத்த தடித்த காலணியைக் கழற்றிவிட்டு, மெல்லிய ரப்பர் அடிப்பாகம் கொண்ட பழைய காலணியை மாட்டினார். அரை அங்குலம் லாபம். அடுத்த சனிக்கிழமை, நாலாவது குழியருகே ஈரப் புல்லில் கால் வழுக்கி, லாக்கியின் கூட்டம் முழுவதும் பார்க்க, ஓடைக்குள் இறங்கினார். விழவில்லை. நின்றபடியே சறுக்கி, முழங்கால் தண்ணீரில் நிமிர்ந்து நின்றார். அதுதான் பெரிய தப்பாகப் போயிற்று.

"மீன் ஏதும் சிக்குச்சா, கொக்கு?"

அவ்வளவு பேரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை. அவர்களோடு சேர்ந்தவராக இருந்திருந்தால் சாண்டியும் சிரித்திருப்பார்.

அதற்குப் பிறகு அவர் பகலில் ஆடவில்லை. கோடையில் எங்கள் பக்கம் சாப்பாடு முடிந்து வெகுநேரம் வரை வெளிச்சம் இருக்கும். எல்லோரும் வீட்டுக்குப் போன பின், யாருக்கும் வழிவிட வேண்டாத மைதானத்துக்குப் போனார். ஒவ்வொரு அடிக்கும் பிறகு, "நல்ல அடிடா கொக்கு, பந்துதான் சரியில்ல" என்று தானே சொல்லிக்கொண்டார். கடல் பக்கத்திலேயே இருந்தது. அதுவும் தன்பாட்டுக்குக் கரையை அடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது மாலையோ நான்காவதோ, ஆறாவது குழிப் பக்கம் முட்புதர் ஒன்று நகர்ந்தது. முட்புதரின் மஞ்சள் பூ என்று அவர் நினைத்தது ஒரு மஞ்சள் கம்பளித் தொப்பி. தொப்பிக்குக் கீழே ஆக்னெஸ். பந்திலிருந்து வெகு தூரம் தள்ளி நின்று, கூரையில் ஒட்டடை அடிப்பவரைப்போல மட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

'என்ன ஆட்டம் இது' என்று சாண்டிக்கு ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது. அடுத்த நிமிஷம்தான் உறைத்தது. நாலு பேர் நிரந்தரமாக, போதாததுக்கு இன்னும் நிற்கிறார்கள் என்று சொன்ன ஆள், இங்கே ஒற்றையாக, இடுப்புப் பட்டையோடு நிற்கிறார்.

பையோடு முட்புதருக்குள் நுழைந்தார்.

மறுநாள் கையிலும் கழுத்திலும் கீறலைப் பார்த்து ஐனா கேட்டாள். "பூனை வளர்க்கிறீங்களா?"

"பந்து தேடினேன். புதருக்குள்ள எத்தனை பந்து கிடக்குது தெரியுமா? சேர்க்கிறேன்."

எங்கள் ஊரில் ஐனாவிடம் சொன்னால் சர்ச் மணி அடித்த மாதிரி. கொக்கு பழைய பந்து சேர்க்கிறாராம் என்று ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அவரவர் பரணில் கிடந்த வெட்டுப்பட்ட பந்து, நாய் கடித்த பந்தையெல்லாம் பையில் போட்டு அவர் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். கதவைத் தட்டவில்லை. தொந்தரவு செய்ய வேண்டாமே என்றுதான். சாண்டி ஒவ்வொரு பையையும் உள்ளே எடுத்து வைத்தார். சமையலறையில் உட்கார இடமில்லாமல் போயிற்று. உட்கார வருபவரும் இல்லாததால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஒரு பையில் மட்டும் பந்துகளுக்கு நடுவே ஒரு பெப்பர்மிண்ட் கிடந்தது. யாரோ தவறிப் போட்டது போலிருக்கிறது என்று வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் நேரத்தை மாற்றினார். மஞ்சள் தொப்பியும் மாற்றியது. கடைசிக் குழியிலிருந்து தொடங்கி முதல் குழியை நோக்கி ஆடினார். தொப்பி எதிரே வந்தது. 'இந்தம்மாவுக்கும் வெட்கம் போலிருக்கு, அந்த ஆட்டத்துக்கு யாருக்குத்தான் வெட்கம் வராது' என்று எண்ணி, ஒவ்வொரு முறையும் கடமைபோல் புதருக்குள் போனார். புதரில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பொந்தே உண்டாகிவிட்டது.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், ஆக்னெஸ் அடித்த பந்து நேராகப் புதருக்குள் வந்து சாண்டியின் காலடியில் விழுந்தது. சாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டார். காலடி ஓசை நெருங்கியது. மட்டையைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடி முனையால் ஆக்னெஸ் புதரைக் கிளறத் தொடங்கினார். முனை சாண்டியின் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

சாம்பல் நிறம். சிவப்புக் கோடு.

வேறு யாராவது அதே நிறம் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த மட்டையின் நீளத்தை அவர் பார்த்தார். பார்த்ததும், கழுத்தில் முள் குத்தியதுகூட மறந்து, எல்லாம் விளங்கியது. வேன்காரன் வெளியூர்க்காரன். அலெக்சாண்டரும் ஏ. ஃப்ளெட், ஆக்னெஸும் ஏ. ஃப்ளெட். கொக்கு என்றும் பித்தான் என்றும் பெட்டியில் எழுத வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்வார்கள்? கோடை முழுக்க அவர் ஒரு குட்டைப் பெண்மணியின் மட்டைக்குத் தன்னை வளைத்திருக்கிறார். பாவம், அந்தம்மா ஒரு கொக்கின் மட்டையால் ஒட்டடை அடித்திருக்கிறார்.

முனை அவருடைய மூக்கை ஒருமுறை லேசாகத் தொட்டுவிட்டு விலகியது.

"பந்து வந்தா வரட்டும்," என்றார் ஆக்னெஸ், புதரைப் பார்த்து. "வராட்டியும் பரவாயில்ல. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு போய்விட்டார்.

சாண்டி அன்றிரவு நன்றாகத் தூங்கினார். தப்பு தன்னிடமில்லை. சரியான மட்டை கைக்கு வந்தால், இந்தச் சனிக்கிழமையே மற்றவர்களோடு பந்தைப் போடலாம். ஒன்றுதான் முள்: மட்டையை மாற்ற ஆக்னெஸிடம் போக வேண்டும். போனால், இத்தனை நாள் எப்படிக் கண்டுபிடிக்காமல் இருந்தீர்கள், அந்த நாலு பேர் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்பார். நாலு பேர் எங்கே என்பார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊதாக் கைப்பிடி வெளியே தெரியாமல் பையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு குடிசைக்குப் போனார். ஐனா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஐனா, ஒரு ரகசியம்."

"சொல்லுங்க."

"ரகசியம்னேன்."

"அதான், சொல்லுங்க."

சாண்டி ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். "பெட்டி மாறிப்போச்சு. என்னோடது பித்தான் வீட்டு ஆக்னெஸ்கிட்ட. அவங்களோடது இது. ஆடி முடிச்சதும் அவங்க பையை உன்கிட்டதானே வச்சிட்டுப் போவாங்க? யாருக்கும் தெரியாம மாத்தி வச்சிடு. அவங்களுக்குத் தெரியவே கூடாது. பாவம், பெரிய மனுஷி, சங்கடப்படுவாங்க."

ஐனா வெண்ணெய்க் கத்தியை நிமிர்த்திப் பிடித்தாள். "யாரு சங்கடப்படுவாங்க?"

"அவங்கதான். கோடை முழுக்கத் தெரியாமலே ஆடியிருக்காங்கல்ல?"

"அவங்களுக்குத் தெரியுமே."

"என்ன தெரியும்?"

"மே மாசம் பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கே ஓடி வந்தாங்க. சாம்பல், சிவப்புக் கோடு, இது கொக்கோடதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சாம்."

சாண்டிக்கு இடுப்புப் பட்டை திடீரென்று இறுகியது. "அப்ப ஏன் சொல்லல?"

"நான்தான் உங்களுக்குப் போன் போடப் போனேன். கையைப் பிடிச்சுத் தடுத்துட்டாங்க. நீங்களா கேட்டா மட்டும் சொல்லுன்னாங்க. நீங்க இன்னிக்குத்தான் கேக்குறீங்க." ஐனா ரொட்டியின் மறுபக்கத்தைத் திருப்பினாள். "'அவருக்கு ஆட நாலு பேர் இருக்காங்க ஐனா, எனக்கு இந்த ஊர்ல யாரும் இல்ல, அவரு மட்டையாவது என்கிட்ட இருக்கட்டும், அதைக் கேட்டுக்கிட்டாவது என்னைத் தேடி வருவாருல்ல'ன்னாங்க."